தெருச் சுவரில் ஓவியம்: வரைவதற்கு முன்னும் பின்னும்

கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்டிருந்தால், கோபுரம் கண்ணில் படாத மூலையிலும் அது என்ன சுவர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நிறம், நேர்க்கோடு, அவ்வளவுதான். தெருவில் ஓவியம் வரையக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்கலாம். ஒரு சுவரை வேறு மாதிரி பார்க்க வைப்பதற்குத் தூரிகைத் திறமை மட்டும் போதாது. அதை யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதில் பாதி வேலை இருக்கிறது. மீதிப் பாதி, சுவருக்குள் இருக்கும் ஈரத்தில்.

சென்னையில் பெரிய அளவில் நடந்த வேலைகள் பலருக்கும் தெரியும். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 2000 முதல் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில், 2020-ல் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்கள் முழுக்க ஓவியங்கள் எழுந்தன. 2021-ல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில், எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கிவைப்பதற்கு எதிராக ஏ-கில் என்ற ஓவியரும் அவருடைய கூட்டாளியும் மனித முகங்களை வரைந்தார்கள். அந்த அளவு வேலைக்குத் தூக்கி இயந்திரமும் பெயின்ட் நிறுவனமும் மாநகராட்சியும் வேண்டும். இங்கே எடுத்துக்கொள்வது குடியிருப்புத் தெருவில் இருக்கும் ஒரு காம்பவுண்டுச் சுவர்: 40 அடி நீளம், 8 அடி உயரம், 320 சதுர அடி. மூன்று பேர் சேர்ந்தால், சுவர் நல்ல நிலையில் இருந்தால், பத்து நாளில் முடியும்.

முதலில் தெருவைப் பாருங்கள்

காலை ஒன்பது மணி, மாலை ஐந்து மணி, தெருவிளக்கு எரிந்த பிறகு என மூன்று வேளையும் சுவருக்கு எதிரே கால் மணி நேரமாவது நில்லுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காலையில் வெறுமையாக இருந்த சுவரின் கீழ்ப்பாதியை மாலையில் பைக்குகள் மறைத்திருக்கும். ஒரு மூலை இஸ்திரி வண்டிக்காரரின் இடமாக இருக்கும். மரத்தின் நிழல் சுவரின் நடுவில் விழும். தரையிலிருந்து மூன்றரை அடி வரை வண்டி நிற்கும் சுவரில் முக்கியமான உருவத்தின் முகத்தைக் கீழே வைத்தால் அது யார் கண்ணிலும் படாது.

அடுத்தது வேகம். நடந்து போகிறவர் 40 அடியைக் கடக்க ஏறக்குறைய பத்து நொடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வண்டியில் போகிறவர் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார். நடப்பவர்களே அதிகம் உள்ள சந்து என்றால் நாலரை, ஐந்தடி உயரத்தில் நுணுக்கமான வேலை செய்யலாம், நின்று பார்ப்பார்கள். வண்டி ஓடும் சாலை என்றால் இரண்டு மூன்று பெரிய வடிவங்களுக்கு மேல் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. குறுகலான தெருவில் சுவரை யாரும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை, ஓரத்திலிருந்து சாய்வாகவே பார்க்கிறார்கள். அந்தக் கோணத்தில் 40 அடி நீளம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். நீளவாக்கில் படுத்திருக்கும் உருவங்கள் கசங்கிப்போகும், நின்றிருக்கும் உருவங்கள் தப்பிக்கும். படத்தைத் தாளில் வரைந்ததும் அந்தத் தாளை மேசையில் நிறுத்தி, தெருமுனையில் நிற்பவர் பார்க்கும் கோணத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

என்ன வரைவது என்று கேட்டால், சுவரில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குங்கள் என்பதே எங்கள் பதில். பினாங்கின் ஜார்ஜ் டவுனில், அர்மீனியன் தெருச் சுவர் ஒன்றில் 2012-ல் எர்னஸ்ட் சகாரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. படம் பெரியதல்ல. ஆனால் நிஜப் பொருளும் வரைந்த உருவமும் சேரும் அந்த இடத்தைப் பார்க்கவே இன்றும் கூட்டம் வருகிறது. உங்கள் சுவரில் மழைநீர்க் குழாய் இருக்கும், மின்மீட்டர் பெட்டி இருக்கும், அடைத்த ஜன்னல் இருக்கும், விரிசலிலிருந்து முளைத்த அரசங்கன்றுகூட இருக்கும். (கன்றை வரையலாம், வளர விடாதீர்கள், வேர் சுவரைப் பிளந்துவிடும்.) குழாயை மறைக்கப் பாடுபடுவதைவிட அதை மரத்தின் தண்டாகவோ நாதஸ்வரமாகவோ ஆக்குவது எளிது. நாளை வழியில் வேறொரு குழாயைப் பார்த்தாலும் அதே ஞாபகம் வரும்.

“மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்” போன்ற வாசகங்களை எழுதச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். முடிந்தவரை தவிருங்கள். பத்தாவது முறை பார்க்கும் கண் அதைப் படிப்பதில்லை. எழுத்து வேண்டும் என்றே முடிவானால் அளவு முக்கியம். விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று கணக்கு வைப்பார்கள். அது ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழில் புள்ளியும் சுழியும் கொம்பும் இருப்பதால் ஒன்றரை அங்குலமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தூரத்தில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும்.

சிறுநீர் கழிக்கும் மூலைகளில் சாமிப்பட டைல்ஸ் ஒட்டும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வடிவமைப்பால் நடத்தையை மாற்றும் முயற்சி என்று பார்த்தால் அது புத்திசாலித்தனமானதுதான். ஆனால் பயத்தையோ பக்தியையோ நம்பி நிற்கிறது. ஒருவர் மீறினால் தெருவில் சண்டை வரும். அந்த மூலைக்கு ஒரு விளக்குப் போட்டு, குப்பையை அகற்றி, தரையைச் சாக்கடைப் பக்கம் சரிவாகப் பூசி, அதற்குப் பிறகு வரைவதே நல்லது. குப்பை அகலாத மூலையில் வரைந்த படத்தின் மேலும் குப்பைதான் விழும்.

அனுமதி

தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, வீடு கைமாறும்போது பிரச்சினை வரும். அரசுச் சுவர் என்றால் அது மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, ரயில்வேயுடையதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959 முதலே இருக்கிறது. “அழகுபடுத்தத்தானே செய்தோம்” என்பது அனுமதிக்கு மாற்றாகாது. விண்ணப்பத்தோடு சுவரின் இப்போதைய படம், வரையப்போகும் படத்தின் வண்ணப் பிரதி, வேலை நடக்கும் நாட்கள், சாரமோ தடுப்போ எத்தனை அடி சாலையை மறைக்கும் என்ற விவரம் நான்கையும் இணையுங்கள்.

காகிதத்தில் வராத ஓர் அனுமதியும் உண்டு. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்சிக்காரர்கள் சுவரில் வெள்ளையடித்து, கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதி “ரிசர்வ்” செய்துவைப்பது நம் ஊர் வழக்கம். அப்படிப்பட்ட சுவரானால் அந்தக் கட்சியின் வட்டப் பொறுப்பாளரிடம் பேசாமல் பெயின்ட் வாங்கப் போகாதீர்கள்.

ஈரம், உப்பு, சுண்ணாம்பு

தெரு ஓவியம் கெடுவதற்கு வெயிலைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். வெயில் நிறத்தை மங்கவைக்கும், அவ்வளவே. தோலாக உரித்துப் போடுவது தண்ணீர். அது மூன்று வழியில் வருகிறது.

ஒன்று, மேலிருந்து. காம்பவுண்டுச் சுவரின் தலை தட்டையாக, விரிசலோடு இருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, பெயின்டுக்குப் பின்னால் தேங்கி, கொப்புளமாக வெளியே தள்ளும். சுவர்த் தலையில் சிமென்ட் கலவையை இருபுறமும் சரிவாகப் பூசி, ஓரம் சுவரைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். நீட்டிய பகுதியின் அடியில் ஒரு சிறு பள்ளக்கோடு இழுத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவரில் வழியாது.

இரண்டு, பின்னாலிருந்து. கட்டாயம் சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கம் தோட்டத்து மண் இரண்டடி ஏற்றிக் கொட்டியிருந்தாலோ, துணி துவைக்கும் கல் இருந்தாலோ, இந்தப் பக்கம் எந்த பெயின்டும் நிற்காது. மண்ணை அகற்ற முடியாதென்றால் அந்த உயரம் வரை படம் வேண்டாம்.

மூன்று, அடியிலிருந்து. அஸ்திவாரத்தின் வழியாக ஏறும் ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு, மூன்றடி வரை வரும். அதோடு உப்பும் வந்து வெள்ளையாகப் பூக்கும். இதை முழுக்க நிறுத்துவது பெரிய செலவு. அதனால் கீழே இரண்டடியைத் தனிப் பட்டையாக வைத்துவிடுவதுதான் விவேகம். அங்கே படம் இல்லை, ஒரே நிறம், வேண்டியபோது மறுபடி அடித்துக்கொள்ளலாம். காவி நிறம் இதற்குப் பொருத்தம். சேறு தெறித்தாலும் வெற்றிலை எச்சில் பட்டாலும் அதிகம் தெரியாது. திண்ணை வீடுகளில் சுவரடியில் காவிப்பட்டை அடித்ததும் இந்தக் காரியத்துக்குத்தான் உதவியது.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என மூன்று இடத்தில் சோதியுங்கள். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும். சிமென்டின் காரம் அடங்காமல் அடித்தால் சில நிறங்கள் வெளிறித் திட்டுத்திட்டாகும்.

அடுத்து, பழைய சுண்ணாம்பு. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் அதன்மேல் அடிக்கும் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்), சுவரைப் பிடிக்காது; உதிரும் மாவைத்தான் பிடிக்கும், அதோடு சேர்ந்தே உதிரும். கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டியாலும் கெட்டியான பரப்பு வரும்வரை சுரண்ட வேண்டும். 320 சதுர அடிக்கு இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. தூசு நெஞ்சுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம் இல்லாமல் செய்யக்கூடாது. எத்தனை சுரண்டினாலும் மாவு வருகிற சுவர் என்றால் படம் வேண்டாம். பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூச வேண்டும், அல்லது வேறு சுவர் தேட வேண்டும்.

போஸ்டர்களை வெந்நீரில் ஊறவைத்து உரியுங்கள். தாள் போனாலும் மைதாப் பசை நின்றுவிடும், அதில் பூஞ்சை பிடிக்கும். நார் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பாசி கறுத்த இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, அரை மணி நேரம் விட்டு, நிறைய நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கடற்கரையோரச் சுவர்களில் பாசி இல்லாவிட்டாலும் உப்புக்காற்று படிந்திருக்கும், அதையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஆனால் உப்புப் பூத்த இடத்தை மட்டும் முதலில் நனைக்காதீர்கள். நனைத்தால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வெளியே வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கீழே விழுந்ததை அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

விரிசல்களை ஆங்கில ‘வி’ வடிவில் சற்றே அகலப்படுத்தி, வெளிச்சுவர் விரிசல் நிரப்பியால் அடைக்க வேண்டும். மேடுபள்ளத்துக்குப் பட்டி பார்ப்பதானால் வெள்ளை சிமென்ட் பட்டி மட்டும். வீட்டுக்குள் பூசும் அக்ரிலிக் பட்டி ஒரு மழையில் ஊறி வெளியே வந்துவிடும். ஒரு கிலோ பட்டிக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவே கலக்குங்கள். சுவரை லேசாக நனைத்துக்கொண்டு பூச வேண்டும், காய்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சினால் அது மாவாகிவிடும். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தூசு தட்டுங்கள்.

எவ்வளவு பெயின்ட்

டப்பாவில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு வழவழப்பான சுவருக்கானது. சொரசொரப்பான பூச்சுள்ள தெருச் சுவரில் ஒரு லிட்டர் ப்ரைமர், அதாவது பெயின்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு, ஒரு கோட்டுக்கு (ஒருமுறை அடிப்பதற்கு) 80 சதுர அடிதான் வரும். ஆகவே 4 லிட்டர். வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 40, 45 சதுர அடி. அடிநிறத்துக்கு 4 லிட்டர் டப்பா இரண்டு. படத்துக்கு ஐந்தாறு நிறம், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். மஞ்சளும் சிவப்பும் மறைப்புத்திறன் குறைந்தவை, மூன்று கோட் கேட்கும். அதனால் அவை இரண்டு இரண்டு லிட்டர். ஒரே நிறத்தின் எல்லா டப்பாவையும் தொடங்கும் முன்பே ஒரு பக்கெட்டில் கொட்டிக் கலந்துவிடுங்கள், டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும்.

எனாமல் என்ற எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம். பளபளப்பும் எழுத்து எழுத வழுக்கும் நயமும் இருப்பதால் போர்டு எழுதும் பெயின்டர்கள் அதை விரும்புவார்கள். தகரத்துக்கும் மரத்துக்கும் அது சரி. சுவரில் உள்ள ஈரம் மூச்சுவிட வழியில்லாமல் எனாமல் தோலை உப்பவைத்து உரித்துவிடும். மேலே வார்னிஷ் அடித்துப் பாதுகாக்கலாமே என்ற யோசனைக்கும் இதே பதில்.

வெயிலில் எந்த நிறம் நிற்கும் என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. இரும்பு ஆக்சைடால் ஆன காவியும் ஓக்கர் மஞ்சளும், கரிக் கறுப்பு, டைட்டானியம் வெள்ளை, தாலோசயனின் நிறமியால் ஆன தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவை பல வருடம் தாங்கும். பளிச்சென்ற ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள், ஒளிரும் ஆரஞ்சு எல்லாம் மேற்கு வெயிலில் முதலில் போகும். படத்தின் முக்கிய வடிவத்தை நிற்கும் நிறங்களில் அமையுங்கள், போகும் நிறங்களைச் சின்னச் சின்ன இடங்களில் வையுங்கள். ஸ்டெயினர் என்ற அடர்ந்த நிறத் திரவத்தை ஊற்றி நிறம் கலப்பதானால் ஒரு லிட்டருக்கு 30, 40 மில்லிக்கு மேல் போகாதீர்கள். அதிகமானால் பெயின்ட் பிசுபிசுத்து, மழையில் நிறம் வடியும்.

வாங்கும் முன் இரண்டு சோதனை. தாளில் தீட்டிய மாதிரியைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். உருவமும் பின்னணியும் ஒன்றாகிவிட்டால் தூரத்திலும் அப்படித்தான் தெரியும், எத்தனை நிறம் போட்டாலும் சரி. பிறகு அதை இரவில் தெருவிளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் நீலம் சாம்பலாகிவிடும்.

தாளிலிருந்து சுவருக்கு

ஓர் அங்குலம் ஓரடி என்ற கணக்கில் தாளில் கட்டம் போட்டு, சுவரில் ஓரடிக் கட்டங்களாக நூல் அடிப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. நூலில் வண்ணப்பொடி தடவி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் கோடு விழும். நீலப்பொடி சில சமயம் பெயின்டில் கசியும், வெளிர் சிவப்போ சாம்பலோ நல்லது. தரை சரிவாக இருக்கும் என்பதால் கிடைக்கோட்டைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிய ரசமட்டக் குழாய் வைத்துக் குறியுங்கள்.

வளைவுகள் நிறைந்த படத்துக்குக் கிறுக்கல் முறை சுலபம். சுவர் முழுக்கத் தொடர்பற்ற குறிகளை, எழுத்துகளை, சுழிகளைப் பெரிதாகக் கிறுக்கி, படமெடுத்து, கைப்பேசியில் உங்கள் ஓவியத்தை அந்தப் படத்தின்மேல் பாதி ஒளி ஊடுருவ வையுங்கள். எந்தக் கோடு எந்தக் கிறுக்கலைத் தொட்டுப் போகிறது என்று பார்த்துப் பார்த்து வரையலாம். கேமராவைச் சுவருக்கு நேர் நடுவில், சாய்க்காமல் பிடித்து எடுத்த படம் வேண்டும், தெரு குறுகலாக இருந்தால் எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுங்கள். திரும்பத் திரும்ப வரும் கோலவடிவங்களுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி அச்சாக வைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். பிரஷ்ஷால் தடவினால் ஓரத்தில் கசியும்.

தீட்டும் நாட்கள்

தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சுவர் காய்ந்துவர தை மாதம் ஆகிவிடும். தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். பனிக் காலத்தில் மாலை நான்கு மணிக்கு நிறுத்திவிடுங்கள், காயாத பெயின்டின்மேல் பனி இறங்கினால் ஒழுகிய தடம் போலக் கோடு விழும். சித்திரை வெயிலில் எதிர்ச் சிக்கல்: சுவர் கொதிப்பதால் பிரஷ் நகரும் முன்பே பெயின்ட் காய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பட்டைகள் தெரியும். கிழக்குப் பார்த்த சுவரை மதியத்துக்குப் பிறகும் மேற்குப் பார்த்த சுவரைக் காலையிலும் தீட்டுங்கள். எப்போதும் நிழல் பக்கம்தான்.

ப்ரைமர் ஓர் இரவு காய வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. மேலிருந்து கீழே வாருங்கள், சொட்டியதைத் துடைக்க வேண்டியிருக்காது. பெரிய பரப்புக்கு ஒன்பது அங்குல ரோலர், ஓரங்களுக்கு இரண்டு அங்குலப் பிரஷ், கோடுகளுக்கு நீள முடிப் பிரஷ். கோடு இழுக்கும் பெயின்டில் தண்ணீர் கொஞ்சம்தான் சேர வேண்டும். மறைப்பு போதவில்லை என்று கெட்டியாக ஒரே கோட் அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு மேல். மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காயும் முன் உரித்துவிடுங்கள், அடுத்த நாள் உரித்தால் ஓரம் பிய்ந்துவரும்.

எட்டடிச் சுவருக்குச் சாரம் தேவையில்லை, இரண்டு முக்காலியும் ஒரு பலகையும் போதும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே கூடாது, மரம் அல்லது மூங்கில்தான். சாலைப் பக்கம் தடுப்பு வைத்து, ஒருவர் எப்போதும் தரையில் நிற்கட்டும். கேள்வி கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை, நிறைய வருவார்கள். குழந்தைகள் கேட்டால் கீழ்ப் பட்டையில் அடிக்கக் கொடுங்கள். கை வைத்தவர்கள் அந்தச் சுவரில் போஸ்டர் ஒட்ட வருகிறவரைத் தாங்களே தடுப்பார்கள்.

பிறகு

தெருக்காரர்களிடம் அதிகம் வாக்குக் கொடுக்காதீர்கள். சுவர் மாறினால் வெளியூர்க்காரர்கள் படமெடுக்க வருவார்கள், ஆட்டோக்காரரிடம் வழி சொல்ல ஓர் அடையாளம் கிடைக்கும், அந்த மூலையில் நின்று பேச ஆட்கள் தங்குவார்கள். குழாயில் தண்ணீர் வராத தெருவில் அதனால் தண்ணீர் வந்துவிடாது. சாக்கடை மூடி உடைந்திருந்தால் படத்துக்கு முன் அதைச் சரிசெய்யக் கேளுங்கள். அதிகாரிகள் சுவரைப் பார்க்க வரும் நாள் அதற்கு நல்ல சமயம்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்வையிடுங்கள். கொப்புளம் வந்த இடத்தை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். பெயின்டின் பின்பக்கம் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் சுண்ணாம்பைச் சரியாகச் சுரண்டவில்லை. ஈரமாக இருந்தால் தண்ணீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை, அதை அடைக்காமல் மேலே தீட்டுவது வீண். ஒவ்வொரு நிறத்திலும் 200 மில்லியைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, அதே தெருவில் இருக்கும் ஒருவரிடம் ஒரு சின்னப் பிரஷ்ஷோடு கொடுத்துவையுங்கள். வரைந்தவர் வரும்வரை காத்திருந்தால் ஒரு சிறு கீறல் ஆறு மாதத்தில் ஒரு முழத்துக்குப் பரவியிருக்கும். காவிப் பட்டையை வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதோடு சேர்த்து அடித்துக்கொள்ளலாம். ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும்.